வாசகர் கேள்வி – பதில்: நாடகத்துக்கு முதற்பணம் போடுபவர் யார்?

சென்ற இதழில், தொலைக்காட்சி நாடகங்கள் இடைநடுவில் நின்றுபோவதைப் பற்றி இப்பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியே கேட்கின்றன. அலைவரிசைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, படம் எடுப்பவர் எவரிடம் கடன்படுகிறார், நம் தமிழ் நாடகங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தட்டுப்பாடு என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எனவே இம்முறை முழுப் பகுதியையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் அன்டெனாவில் வருகின்ற அலைவரிசைகளைத்தான் பார்க்கிறோம். மின்சாரக் கட்டணத்தைத் தவிர ஒரு சதமும் கொடுப்பதில்லை. அப்படியானால் அறிவிப்பாளருக்கும் நடிகருக்கும் யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

நீங்கள்தான் கொடுக்கிறீர்கள், கொடுக்கும் இடம் மட்டும் வேறு. காலி வீதிக் கடையில் ஒரு சவர்க்காரக் கட்டியையோ பால்மாப் பைக்கற்றையோ வாங்கும்போது, அதன் விலைக்குள் அந்த நிறுவனம் விளம்பரத்துக்குச் செலவழித்த பணமும் அடங்கியிருக்கிறது. அந்தப் பணம் விளம்பர முகவர் நிறுவனத்தின் வழியாக அலைவரிசைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சம்பளமாகவும் மின்சாரக் கட்டணமாகவும் நாடகச் செலவாகவும் பிரிகிறது. நீங்கள் அந்த அலைவரிசையைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சவர்க்காரம் வாங்கும் வரை உங்கள் பங்கு போய்க்கொண்டேயிருக்கும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கும். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இரவு எட்டு மணிக்கு அரை மணி நேர நாடகம் ஒன்று போகிறது. அதற்குள் 30 செக்கன் விளம்பரங்கள் 12 இடம்பெறலாம். விலைப்பட்டியலில் ஒன்றுக்கு 15,000 ரூபா. மொத்தம் 180,000 ரூபா. விளம்பர முகவருக்கு மரபாகக் கொடுக்கப்படும் 15 வீதக் கழிவு போனால் 153,000 ரூபா மிஞ்சும். ஆனால் 12 இடங்களும் நிறைவது தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக் காலங்களில்தான். சாதாரண வாரத்தில் 7 இடங்கள் நிறைந்தால், கழிவு போக 89,250 ரூபாதான் கைக்கு வரும். பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவதால் விலையை இன்னும் குறைக்கச் சொல்லும். பத்து வாங்கினால் இரண்டு இலவசமாகப் போடச் சொல்லும். பணத்தையும் இரண்டு மூன்று மாதம் கழித்தே தரும். நாடகக் குழுவோ படப்பிடிப்பு நடக்கும் அன்றே சாப்பாட்டுக்கும் வானுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டு மூன்று மாத இடைவெளியைத் தாங்கும் பணம் எவரிடம் இருக்கிறதோ, அவரே நாடகம் எடுக்க முடிகிறது.

இந்த முறை கொழும்புக்குப் புதியதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. அகில இந்திய வானொலியில் அப்போது விளம்பரத்துக்கு இடமில்லை. 1952 இல் தகவல் அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களையும் கட்டுப்படுத்தினார். பாட்டுக்காக ஏங்கிய இரசிகர் கூட்டம் அங்கே இருந்தது. அவர்களிடம் பொருள் விற்க விரும்பிய நிறுவனங்களும் அங்கேயே இருந்தன. ஒலிபரப்ப வழிதான் இல்லை. அந்த வழியைக் கொழும்பு கொடுத்தது. ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்ற ஹிந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி அதே 1952 இல் இங்கிருந்து ஒலிக்கத் தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்யப்பட்ட நாடா விமானமேறிக் கொழும்புக்கு வரும். இங்கிருந்து சிற்றலையில் இந்தியா முழுவதும் போகும். டெல்லி விழித்துக்கொண்டு 1957 இல் விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கியது. அதில் விளம்பரத்தை அனுமதிக்க 1967 வரை ஆனது. நம் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்ட காலமும் இதே கணக்கில் உருவானதுதான்.

தெஹிவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: லண்டனில் வசிக்கும் என் மகன் பிபிசிக்கு வருடாந்தக் கட்டணம் கட்டுவதாகச் சொல்கிறார். இங்கும் ஒரு காலத்தில் நாங்கள் அனுமதிப்பத்திரம் எடுத்த நினைவு இருக்கிறது. விளம்பரத்தை நம்புவதைவிட அது மேலான முறையல்லவா?

உங்கள் நினைவு சரியானது, ஐயா. இலங்கையில் வானொலிப் பெட்டிக்கும் பின்னர் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அனுமதிப்பத்திரக் கட்டணம் இருந்து, பிறகு கைவிடப்பட்டது. 1982 இல் ஜப்பானிய உதவியுடன் தொடங்கிய ரூபவாஹினியும் இன்று பெரிதும் விளம்பரத்தையே நம்பி நிற்கிறது.

பிரித்தானியாவில் 1922 இல் வானொலி அனுமதிப்பத்திரத்தின் விலை 10 ஷிலிங். இன்று அது தொலைக்காட்சிக்கான கட்டணமாகி, 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுணாக உயர்த்தப்பட்டது. ஜேர்மனியில் பெட்டி இருக்கிறதா என்ற கேள்வியையே 2013 இல் விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு பங்களிப்பு என்று வாங்குகிறார்கள். 2021 முதல் அது மாதம் 18.36 யூரோ. பிரான்ஸ் தன் கட்டணத்தை 2022 இல் ஒழித்துவிட்டுப் பொது வரிப்பணத்திலிருந்து கொடுக்கத் தொடங்கியது.

மேலானது எது என்று கேட்டால், பணத்தை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதை வைத்தே நான் பதில் சொல்வேன். விளம்பரத்தில் அந்த அதிகாரம் நிறுவனங்களிடம் இருக்கிறது. அரசு மானியத்தில் அது ஆளும் தரப்பிடம் இருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், பொது ஒலிபரப்புக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டொலரை ஒரே சட்டத்தினால் திருப்பி எடுத்துக்கொண்டது. வீட்டுக் கட்டணத்தின் தொகையையும் அரசுதான் தீர்மானிக்கிறது என்றாலும், அது இலட்சக்கணக்கான வீடுகளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்வதால், ஒரு நாள் கோபத்தில் எவராலும் அதை முழுவதுமாக நிறுத்திவிட முடிவதில்லை.

யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மின்சாரமில்லாத வீடுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றியாவது வானொலியை இயக்கித் தமிழோசை கேட்டதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிபிசியின் அந்தத் தமிழ்ச் சேவை 1941 இல் தொடங்கியது. உலக சேவைக்கு 2014 வரை பணம் கொடுத்தது பிரித்தானிய வெளியுறவு அமைச்சு. அதன்பின் அனுமதிப்பத்திரக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 இல் நின்றது. வன்னியில் ஒரு தாய் கேட்ட செய்திக்கான செலவை மான்செஸ்டரில் ஒரு வரிகட்டுநர் கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பும் நன்றியும் உண்டாகின்றன. அந்த வரிகட்டுநர் கை விரித்தால் நாம் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

இங்கே மீண்டும் கட்டணம் கொண்டுவந்தால் நான் மனமாரக் கட்டுவேன். அதற்கு முன், அந்தப் பணத்தை நிர்வகிக்கும் சபை தேர்தலுக்குத் தேர்தல் மாறாத சபையாக இருக்க வேண்டும். தமிழ்மொழி நிகழ்ச்சிகளுக்குரிய பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி: மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எங்கள் தமிழ் அலைவரிசைகளில் இந்தியத் தொடர்களே ஓடுகின்றன. எங்கள் பேச்சும் எங்கள் வீடும் எங்கள் தெருவும் வருகின்ற நாடகங்களை ஏன் எடுக்க மாட்டார்கள்? நம்மிடம் எழுத்தாளர் இல்லையா?

எழுத்தாளர் இருக்கிறார்கள், அம்மா. நடிகர்களும் இருக்கிறார்கள். இக்கேள்விக்குப் பதில் எழுதும்போது என் மனம் கனக்கிறது, ஏனென்றால் அப்படியொரு நாடகத்தில் நானும் உழைத்திருக்கிறேன்.

நாடகத்தின் ஒரு அங்கத்தைப் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அதை எடுக்கும் செலவு ஒன்றுதான். சென்னையில் எடுக்கப்படும் தொடர் தன் செலவைத் தமிழ்நாட்டு விளம்பரத்திலேயே ஈட்டிவிடுகிறது. 1993 ஏப்ரல் 14 ஆம் திகதி சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் அங்கே வேரூன்றிய வழக்கம் ஒன்று உண்டு: தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் கட்டி ஒரு நேரத்தை எடுத்துக்கொள்வார், அந்த நேரத்துக்குள் வரும் விளம்பர இடங்களைத் தாமே விற்று, செலவையும் இலாபத்தையும் எடுத்துக்கொள்வார். இப்படி அங்கேயே முதல் திரும்பிவிட்ட தொடர், கொழும்புக்கு வரும்போது எந்த விலைக்குப் போனாலும் விற்பவருக்கு இலாபம்தான். ஆகவே இங்குள்ள அலைவரிசையால் என்ன கொடுக்க முடியுமோ, அதுவே அதன் விலையாகிறது. கொட்டாஞ்சேனைத் தெருவில் எடுக்கப்படும் நாடகமோ தன் முழுச் செலவையும் இந்தச் சிறு சந்தையிலேயே தேட வேண்டும். மேலே நான் போட்டுக் காட்டிய 89,250 ரூபாவை மறுபடி பாருங்கள். அதற்குள் ஒரு அங்கத்தை எடுத்து முடிப்பதா, அதில் சிறு பகுதியைக் கொடுத்து ஆயத்தமாக இருக்கும் தொடரை வாங்குவதா என்று கணக்காளர் கேட்டால், நிகழ்ச்சிப் பணிப்பாளருக்கு நல்ல மனம் இருந்தாலும் பதில் சொல்ல வாய் வராது.

பார்வையாளரை எண்ணும் முறையும் நமக்குச் சாதகமாக இல்லை. எவரும் வீட்டுக்கு வீடு போய் எண்ணுவதில்லை. தெரிந்தெடுத்த சில வீடுகளைக் கொண்டே முழு நாட்டையும் மதிப்பிடுகிறார்கள். தமிழ் பேசுவோர் நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர். அவர்களும் கொழும்பு, வடக்கு, கிழக்கு, மலையகம் என்று வெவ்வேறு இரசனையோடு பரந்து வாழ்கிறார்கள். மாதிரிக்குள் வரும் தமிழ் வீடுகள் குறையக் குறைய, நான்கு வீட்டார் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டாலே அந்த வார எண்ணிக்கை ஆட்டம் காணும். விளம்பர முகவர் அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தயங்குவார். பெரிய நிறுவனங்கள் சிங்கள அலைவரிசைகளுக்கு வருடத் திட்டம் போட்ட பின் மிஞ்சுவதைத்தான் பெரும்பாலும் தமிழுக்கு ஒதுக்குகின்றன. தமிழில் நீங்கள் பார்க்கும் பல விளம்பரங்களில் உதட்டசைவு பொருந்தாமலிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழுக்கென்று தனியாக விளம்பரம் எடுக்கக்கூட அங்கே பணம் ஒதுக்கப்படவில்லை.

என் மேசை இழுப்பறையில் ஒரு மதிப்பீட்டுத் தாள் இன்னும் இருக்கிறது. வான் வாடகை, ஜெனரேட்டர், கமரா, வெளிச்சம், ஒலிப்பதிவு, ஒப்பனை, காலைச் சாப்பாடு 22 பேருக்கு, மதியச் சாப்பாடு 22 பேருக்கு, பிளேன்ரீ மூன்று வேளை, படப்பிடிப்பு வீட்டுக்கு வாடகை, படத்தொகுப்பு என்று வரிசையாகப் போகும் அந்தத் தாளின் கடைசி வரியில் ‘எழுத்து’ என்றிருக்கிறது. அதற்கு நேரே தொகை இல்லை, பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறது. அந்த நாடகம் 13 அங்கங்கள் என்று தீர்மானிக்கப்பட்டது. அனுசரணையாளர் விலகியதும் ஐந்தாவது அங்கத்தோடு நின்றது. ஒளிப்பதிவாளரின் நாட்கூலியைக் கொடுக்க நெறியாளர் தம் மோட்டார் சைக்கிளை விற்றார். ஆறாவது அங்கத்தில் வீடு திரும்ப வேண்டிய மகன் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அந்த மகனாக நடித்த இளைஞர் இப்போது வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறார்.

வழி இல்லையென்று நான் நினைக்கவில்லை. பிரான்சில் திரையரங்கு நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் 10.72 வீதம் அறவிடப்பட்டு, 1946 இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட நிலையத்துக்குப் போகிறது. அமெரிக்கப் படத்துக்கு விற்ற சீட்டும் பிரெஞ்சுப் படம் எடுக்கப் பணம் கொடுக்கிறது என்பதே அதன் அழகு. பிரித்தானியாவில் 1982 இல் தொடங்கிய சனல் 4 அரசின் உடைமை. வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. நிகழ்ச்சிகளை வெளியிலுள்ள தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டும் என்பது நெடுங்காலம் அதன் அடிப்படையாக இருந்தது. இங்கும் இறக்குமதித் தொடர்கள்மீது வரி விதிக்கப்பட்டதுண்டு. அந்த வரியை உள்ளூர் நாடகத்துக்கென்றே தனிக் கணக்கில் வைத்து, தமிழுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால், உங்கள் தெரு திரையில் வருவதைப் பார்க்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை ஒன்று செய்யுங்கள். அலைவரிசைக்கு எழுதுவதோடு, நீங்கள் வாங்கும் தேயிலையையும் பால்மாவையும் விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுக்கும் தமிழில் எழுதுங்கள். பணத்தின் முடிச்சை அவிழ்ப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வத்தளையிலிருந்து ஓர் இளைஞர்: முழுநீளத் தமிழ்ப் படம் ஒன்றுக்குத் திரைக்கதை ஆயத்தமாக இருக்கிறது. அம்மாவின் வீட்டு உறுதியை வங்கியில் வைத்துப் பணம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?

வைக்க வேண்டாம், தம்பி. அம்மா சம்மதித்தாலும் வைக்க வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். சென்னையில் படம் எடுப்பவர்கள் சொந்த வீட்டை வைத்துத்தான் எடுக்கிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எடுத்து அழிந்தவர்கள் உண்டு. ஆனால் தொழிலாகச் செய்பவர் படத்தைத் துண்டு துண்டாக முன்கூட்டியே விற்று எடுக்கிறார். பூஜை போட்டதும் ஏரியா ஏரியாவாக விநியோக உரிமை பேசப்படும். சில இடங்களில் அட்வான்ஸ் (படம் ஓடாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணம்), சில இடங்களில் மினிமம் காரண்டி (ஓடாவிட்டாலும் திருப்பத் தேவையில்லாத குறைந்தபட்சத் தொகை), சில இடங்களில் அவுட்ரைட் (ஒரே தொகைக்கு முழு விற்பனை). முந்திய காலத்தில் சிலோன் உரிமையும் அப்படிப் பேசப்பட்ட ஒரு துண்டுதான். பிறகு ஆடியோ, சாட்டிலைட், இப்போது டிஜிட்டல் என்று உரிமைகள் பெருகின. இந்த ஒப்பந்தங்களைக் காட்டி பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்குவார்கள். பிலிம் காலத்தில் லேப் லெட்டர் என்றொரு கடிதம் இருந்தது: நெகட்டிவ் படச்சுருள் லேபில் இருக்கும், பைனான்சியர் தம் பணம் வந்துவிட்டதென்று எழுதிக் கொடுத்தால்தான் லேபிலிருந்து பிரதி வெளியே போகும். வெளியீட்டுக்கு முந்திய இரவில் படங்கள் சிக்கிக்கொண்டதன் இரகசியம் இதுதான். வங்கிகள் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றன. 1998 இல்தான் இந்திய அரசு திரைப்படத்தைத் தொழில்துறையாக அங்கீகரிப்பதாக அறிவித்தது.

வசூலிலும் தயாரிப்பாளரின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. 2009 இல் ஹிந்திப் படத் தயாரிப்பாளர்கள் பல்திரை அரங்குகளுக்கு இரண்டு மாதம் படம் கொடுக்காமல் நின்று பெற்ற உடன்பாட்டில்கூட, முதல் வாரம் 50 வீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, பிறகு 30 என்றே பங்கு இறங்கிச் சென்றது. அதிலும் விநியோகத்தர் தம் பங்கை எடுத்த பின்பே தயாரிப்பாளருக்கு மீதி வரும்.

மேல்நாடுகளில் முன்விற்பனை ஒப்பந்தத்தை வங்கியில் ஈடு வைப்பார்கள். படம் முடியாமல் நின்றால் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்குப் பாதீட்டில் இரண்டு மூன்று வீதம் கட்டுவார்கள். அரசின் வரிச்சலுகை ஒரு பங்கைத் திருப்பித் தரும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தாமே எடுப்பிக்கும் படங்களுக்குச் செலவோடு ஓர் இலாபத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு உரிமைகளை எடுத்துக்கொள்கின்றன. படம் எவ்வளவு ஓடினாலும் தயாரிப்பாளருக்கு அதற்குமேல் வருவது அரிது.

இப்போது நம் நாட்டைப் பார்ப்போம். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவானது; இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குள் வந்தன. இங்கே எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் சிலவே. அவற்றுக்குப் பணம் போட்டவர்களுள் பலர் வேறு தொழிலில் உழைத்ததைக் கொண்டுவந்து போட்டவர்கள். 1972 இல் வெளிவந்த ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்தவர் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. உங்கள் வத்தளையிலிருந்து அது கூப்பிடு தூரம்தான். ஸ்டூடியோ எரிந்தபோது, இந்தத் தொழிலில் பணம் போடும் துணிச்சலும் எம்மவரிடம் பெருமளவு எரிந்துபோனது. இன்று உங்கள் படம் திரையரங்குக்கு வந்தால், நூறு கோடி செலவில் எடுத்த சென்னைப் படம் அதே நுழைவுச்சீட்டு விலைக்குப் பக்கத்து அரங்கில் ஓடும். அந்தப் போட்டியில் அம்மாவின் வீட்டை வைக்கக் கூடாது.

சத்தியஜித் ராய் மனைவியின் நகையை அடகு வைத்தாரே என்று நீங்கள் கேட்கலாம். வைத்தார், தம் கிராமபோன் இசைத்தட்டுகளையும் விற்றார். அந்தப் பணம் ‘பதேர் பாஞ்சாலி’யின் ஒரு பகுதிக்கே போதுமாயிருந்தது. 1955 இல் படம் வெளிவந்தது மேற்கு வங்க அரசு கைகொடுத்ததால். படத்தின் பெயரில் பாதை வருவதால் அந்தப் பணம் வீதி அபிவிருத்திச் செலவாகப் பதியப்பட்டது. வருமானமும் அரசுக்கே போனது. நகை அந்தப் படத்தைத் தொடங்கிவைத்தது. முடித்துவைக்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

1976 இல் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவைச் சேர்ந்த ஐந்து இலட்சம் விவசாயிகள் தலைக்கு இரண்டு ரூபா கொடுத்தார்கள். பத்து இலட்சம் ரூபா சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே அவர்களோடு நாளாந்தம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததால்தான் இரண்டு இரண்டு ரூபாவாகச் சேர்க்க முடிந்தது. நமக்கு அப்படி எது இருக்கிறது? ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் அவற்றின் கிளைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டச் சேர்ப்பவர்களிடம் ஒரு படத்துக்குச் சிறு பங்குகளாகக் கேட்பது மரியாதைக்குறைவான செயல் அன்று. ஆனால் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டும் கணக்கும் வேண்டும்.

இன்னொரு கதவு, திரைப்பட விழாக்களின் நிதிகள். ரொட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதியும் பெர்லினில் 2004 இல் தொடங்கிய உலக சினிமா நிதியும் எம்மைப் போன்ற நாடுகளின் படங்களுக்கென்றே இருப்பவை. முன்னதில் திரைக்கதையைச் செப்பனிடும் கட்டத்திலேயே உதவி கேட்கலாம். 2005 இல் கான் விழாவில் முதற்படத்துக்கான தங்கக் கமரா விருதைப் பகிர்ந்துகொண்ட விமுக்தி ஜயசுந்தரவின் படம் பிரெஞ்சு இணைத்தயாரிப்பாக உருவானது. சிங்களத்தில் முடிந்தது தமிழில் முடியாதென்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. முதலில் திரைக்கதையை நல்ல ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பியுங்கள். ஒரு காட்சியை மட்டும் ஐந்து நிமிடப் படமாக எடுங்கள். பாதீட்டை வரிவரியாக எழுதுங்கள், ‘எழுத்து’ என்ற வரிக்கு நேரே ஒரு தொகையைப் போட்டு.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்: யூடியூப்பில் குறுநாடகங்கள் போட்டுப் பிழைக்க முடியுமா?

தொடங்கலாம், அதை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். விளம்பரத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்கு. வழக்கமான காணொளிகளில் விளம்பர வருமானத்தின் 55 வீதம் உங்களுக்கு வரும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பரத்தின் விலை மாறும் என்பதால், கனடாவிலிருந்து பார்க்கும் ஆயிரம் பேர் இங்கிருந்து பார்க்கும் ஆயிரம் பேரைவிடக் கூடுதலாகத் தருவார்கள். அதற்காக எல்லாக் கதையையும் புலம்பெயர்ந்தவரின் ஊர் ஏக்கமாகவே மாற்றிவிடாதீர்கள். மட்டக்குளியிலும் கதை இருக்கிறது.

செட்டியார் தெருவில் நகைக்கடை நடத்துபவர்: ஒரு நாடகக் குழுவினர் அனுசரணை கேட்டு வந்திருக்கிறார்கள். கதாநாயகி ஒவ்வொரு அங்கத்திலும் எங்கள் கடை நகையை அணிவார் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள், ஐயா. இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது உங்களுடையதே. ஆனால் கொடுக்குமுன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலைவரிசை நேரம் ஒதுக்கியிருப்பதாக ஒரு கடிதம் வேண்டும். குழுவின் வாய்வார்த்தை போதாது. பணத்தை மூன்று பங்காக்கி, ஒப்பந்தம் எழுதும்போது ஒன்று, படப்பிடிப்பின் நடுவில் ஒன்று, ஒளிபரப்பு முடிந்ததும் ஒன்று என்று கொடுங்கள். முதற்பங்கு சாப்பாட்டுக்கும் வாகனத்துக்கும் போதுமானதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் நாளே கடன்படுவார்கள். மறுஒளிபரப்பிலும் யூடியூப்பிலும் உங்கள் கடைப் பெயர் தொடருமா என்று கேளுங்கள். இடைநடுவில் நின்றால் மிச்சப் பணம் எவருக்கு என்பதையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

‘ஒவ்வொரு அங்கத்திலும்’ என்ற நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு படப்பிடிப்பில் செத்தவீட்டுக் காட்சி எடுத்தோம். அயல் வீட்டுப் பெண்கள் சிலரை உட்கார வைத்தோம். நாங்கள் சொல்லாமலே அவர்கள் காப்பையும் சங்கிலியையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார்கள். நடுவில் தகப்பனை இழந்த மகளாக அமர்ந்திருந்த கதாநாயகியின் கழுத்தில் அனுசரணையாளரின் கல் வைத்த ஆரம். நெறியாளர் தொலைபேசியில் கெஞ்சினார்; ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒப்பாரி தொடங்கியதும் அந்தப் பெண்களில் வயதான ஒருவர் எழுந்து வந்து, தம் சேலைத் தலைப்பால் அந்த ஆரத்தை மூடிவிட்டார். அவர் நடிக்கவில்லை, அந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பதாகவே நினைத்தார். அந்தக் காட்சியை மறுபடி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, எடுத்தோம்.

உங்கள் நகையைக் கலியாணக் காட்சியிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் போடச் சொல்லுங்கள். எந்தெந்த அங்கங்களில் அவை வருகின்றன என்று திரைக்கதையைப் பார்த்து, அந்த இலக்கங்களை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.